முப்பத்தாறாவது சுற்று

அமெரிக்க ஆட்சியின் கதை – 11

சென்ற அத்தியாயத்தை ஜார்ஜ் வாஷிங்டன் பதவி முடிந்து மவுண்ட் வெர்னான் பண்ணைக்குத் திரும்பியதோடு நிறுத்தியிருந்தோம். அவர் இருந்தவரை புதிய அரசியல் சாசனத்தில் இருந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. அதிபர் பதவிக்குப் போட்டியே இல்லாததுதான் காரணம். 1789இல் 69 எலக்டர்கள் வாக்களித்தார்கள். 69 பேரும் அவருக்கே போட்டார்கள். 1792இலும் ஒருவர்கூட மாற்றிப் போடவில்லை. அவர் விலகிய மறு தேர்தலிலேயே கோளாறு தெரிந்தது. அதற்கடுத்த தேர்தலில் நாடு கிட்டத்தட்ட அதிபரே இல்லாமல் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது.

1787இல் பிலடெல்பியாவில் வகுத்த முறையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் எலக்டர்கள் என்று சிலரை நியமிக்கும். பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு உள்ள இடங்களோடு செனட்டில் உள்ள இரண்டு இடங்களையும் கூட்டினால் என்ன வருகிறதோ, அத்தனை எலக்டர்கள். அவர்களை எப்படி நியமிப்பது என்பது அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் இஷ்டம். ஒவ்வொரு எலக்டரும் இரண்டு பெயர் எழுத வேண்டும். ஒருவராவது வெளி மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும். இன்னார் அதிபராக, இன்னார் துணை அதிபராக என்று பிரித்துக் குறிக்க வழியில்லை. பெரும்பான்மையோடு முதலிடம் பெறுபவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். இருவர் சமமாக வந்துவிட்டால் பிரதிநிதிகள் சபை தீர்த்துவைக்கும். அங்கேயும் தலைக்கு ஒரு வாக்கு கிடையாது; மாநிலத்துக்கு ஒரு வாக்கு.

படிக்கும்போது குறை சொல்ல முடியாத ஏற்பாடாகத்தான் இருக்கிறது. நாட்டிலேயே தகுதியான இருவரைப் பெரிய மனிதர்கள் சிலர் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். முதலாமவருக்குப் பெரிய நாற்காலி, இரண்டாமவருக்குச் சின்ன நாற்காலி. இதில் கட்சிகளுக்கு இடமே இல்லை. சாசனத்தை எழுதியவர்கள் கட்சி என்பதையே ஒரு நோயாகப் பார்த்த தலைமுறை. வாஷிங்டன் விடைபெறும்போது வெளியிட்ட உரையிலும் கட்சி வெறியைப் பற்றிய எச்சரிக்கை முக்கியமான பகுதி. ஆனால் அந்த எச்சரிக்கை வெளியான 1796இலேயே இரண்டு கட்சிகள் முழு உருவத்தில் எழுந்து நின்றன. வலுவான மத்திய அரசு, தேசிய வங்கி, இங்கிலாந்தோடு வணிகம் என்றவர்கள் ஃபெடரலிஸ்டுகள். மாநில உரிமை, விவசாயிகள், பிரெஞ்சுப் புரட்சியின் மேல் பரிவு என்றவர்கள் ரிபப்ளிகன்கள். பெயரைப் பார்த்து இன்றைய ரிபப்ளிகன் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அது பிறந்தது 1854இல். வேடிக்கை என்னவென்றால், இவர்களுடைய வாரிசு என்று உரிமை கொண்டாடுவது இன்றைய டெமாக்ரடிக் கட்சி.

1796 முடிவைப் பாருங்கள். ஜான் ஆடம்ஸ் 71, தாமஸ் ஜெஃபர்சன் 68. அதிபர் ஃபெடரலிஸ்ட், துணை அதிபர் எதிர்க்கட்சித் தலைவர். நான்கு வருஷம் இருவரும் ஒரே அரசில் இருந்தார்கள் என்பது பேருக்குத்தான். ஆடம்ஸின் அரசு எதிர்ப்பவர்களை அடக்க 1798இல் தேசத்துரோகச் சட்டம் கொண்டுவந்தது. அதிபரையோ காங்கிரஸையோ பற்றிப் பொய்யாக, அவதூறாக எழுதினால் இரண்டு வருஷம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபரைத் திட்டுவதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் தடை இல்லை. துணை அதிபர் ஜெஃபர்சன் அல்லவா! சட்டம் தானாகக் காலாவதியாகும் நாளாக 1801 மார்ச் 3ஐக் குறித்திருந்தார்கள். ஆடம்ஸின் பதவிக்காலமும் அன்றோடுதான் முடிகிறது. எழுதியவர்களின் மனசு இதைவிடத் தெளிவாகத் தெரியவேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தில் சிக்கியவர்களில் மாத்யூ லயன் என்ற வெர்மான்ட் உறுப்பினர் நம் கதைக்கு வேண்டியவர். அயர்லாந்தில் பிறந்து, கடன்பட்ட கூலியாளாக வந்து, மேலே வந்த முரட்டு ஆசாமி. சபையிலேயே கனெக்டிகட்டின் ராஜர் கிரிஸ்வோல்ட் ஏளனமாக ஏதோ சொல்ல, அவர் முகத்தில் காறித் துப்பியவர். சில நாள் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியோடு பாய்ந்தார். லயன் கணப்படுப்பின் இடுக்கியை எடுத்துக்கொண்டு எதிர்த்து நின்றார். பிரதிநிதிகள் சபையின் மாண்பு எந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆடம்ஸைத் தாக்கி எழுதியதற்காக லயனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விழுந்தன. சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். இவரை மறந்துவிடாதீர்கள்.

1800 தேர்தல் இன்றைய தேர்தல் மாதிரி ஒரே நாளில் நடந்ததல்ல. மாநிலத்துக்கு மாநிலம் முறையும் நாளும் வேறு. அதனால் இரண்டு தரப்பும் முதலில் விதியின் மேல்தான் கைவைத்தன. வர்ஜீனியாவில் அதுவரை மாவட்டவாரியாக எலக்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடம்ஸுக்கு ஒன்றிரண்டு போய்விடக்கூடும் என்று ஜெஃபர்சனின் ஆட்கள் அதை மாற்றி, மாநிலம் முழுவதும் ஜெயித்த கட்சிக்கே அத்தனை எலக்டர்களும் என்று ஆக்கினார்கள். மாசசூசெட்ஸில் ஃபெடரலிஸ்டுகள் மக்களிடமிருந்து உரிமையைப் பறித்துச் சட்டமன்றத்திடமே கொடுத்துவிட்டார்கள். மாவட்ட முறைதான் நல்லது, ஆனால் மற்றவர்கள் அப்படிச் செய்யாதபோது நாம் மட்டும் செய்வது மடத்தனம் என்ற பொருளில் ஜெஃபர்சனே கடிதம் எழுதியிருக்கிறார். இன்றைக்கு மெய்ன், நெப்ராஸ்கா தவிர மீதி 48 மாநிலங்களிலும் ஜெயித்தவருக்கே எல்லா எலக்டர்களும் என்று இருக்கிறதே, அதைச் சாசனம் எங்கேயும் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கணக்குகளில் வந்து நிலைத்துப்போன வழக்கம் அது.

நியூயார்க்கின் 12 எலக்டர்களை அங்கே சட்டமன்றம் நியமிக்கும். ஆகவே வசந்த காலத்தில் நடந்த நியூயார்க் நகரச் சட்டமன்றத் தேர்தல்தான் உண்மையான அதிபர் தேர்தல். அதை ரிபப்ளிகன்களுக்காக ஜெயித்துக் கொடுத்தவர் ஆரன் பர். அமெரிக்கத் தேர்தல் வேலை என்று இன்று நாம் பார்ப்பதில் பாதியை அவர்தான் தொடங்கிவைத்தார் என்பேன். வாக்காளர் பட்டியல் தயாரித்து, யார் எந்தப் பக்கம், யாரிடம் பணம் கேட்கலாம் என்று வீடு வீடாகக் குறித்துவைத்தார். முன்னாள் கவர்னர் ஜார்ஜ் கிளின்டன், புரட்சிப் போர்த் தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் போன்ற பெருந்தலைகளை வற்புறுத்திச் சாதாரணச் சட்டமன்ற இடத்துக்கு நிறுத்தினார். பட்டியல் முழுதாக ஜெயித்தது. தோற்றுப்போன ஃபெடரலிஸ்ட் தலைவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ன செய்தார் தெரியுமா? பழைய சட்டமன்றம் இன்னும் கலையவில்லை, அதை உடனே கூட்டி எலக்டர் விதியை மாற்றிவிடுங்கள் என்று கவர்னர் ஜான் ஜேக்கு எழுதினார். கட்சிக்காகச் சொல்லப்பட்ட யோசனை, நான் ஏற்பது எனக்கு அழகல்ல என்று அந்தக் கடிதத்திலேயே குறித்துவைத்துவிட்டு ஜே சும்மா இருந்துவிட்டார். அந்த வருஷம் முழுவதும் தேடினாலும் இப்படி ஒரு காரியம் செய்த இன்னொரு அரசியல்வாதி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வெற்றியில் பேசப்படாத ஒரு கணக்கும் உண்டு. அடிமைகளுக்கு வாக்கு கிடையாது. ஆனால் பிரதிநிதிகள் சபையின் இடங்களைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணலாம் என்று சாசனம் அனுமதித்தது. இடம் கூடினால் எலக்டரும் கூடும். 1790 கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவில் சுதந்திர மக்கள் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் பேர், வர்ஜீனியாவில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 1800இல் பென்சில்வேனியாவுக்கு 15 எலக்டர்கள், வர்ஜீனியாவுக்கு 21. வர்ஜீனியாவில் இருந்த 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தங்கள் எஜமானர்களின் கட்சிக்கு வலு சேர்த்தார்கள். இந்தச் சலுகை இல்லாதிருந்தால் ஆடம்ஸே ஜெயித்திருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மக்களின் உரிமைக்காக நின்ற கட்சி ஆட்சிக்கு வந்த வழி அது.

கடைசியில் தென் கரோலினாவின் 8 வாக்குகள் முடிவு செய்தன. கூட்டிப் பார்த்தார்கள். ஜெஃபர்சன் 73. ஆடம்ஸ் 65. ஃபெடரலிஸ்ட் துணை வேட்பாளர் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி 64. ஜான் ஜே 1. அந்த ஒற்றை வாக்கு தவறிப் போனதல்ல. தங்கள் இரு வேட்பாளர்களும் சமமாகிவிடக் கூடாதென்று ரோட் ஐலண்டின் ஃபெடரலிஸ்ட் எலக்டர் ஒருவர் வேண்டுமென்றே பிங்க்னிக்குப் போடாமல் ஜேக்குப் போட்டது. ரிபப்ளிகன்களும் அப்படி ஒரு வாக்கை வேறு யாருக்காவது போட்டுவிடுவதாகத்தான் பேச்சு. ஒவ்வொரு மாநிலத்தாரும் அடுத்த மாநிலத்தார் செய்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஆரன் பர்ருக்கும் 73.

துணை அதிபராகப் போட்டியிட்டவர் ஒரே இரவில் அதிபர் பதவிக்குச் சம உரிமைக்காரர் ஆகிவிட்டார். ‘நான் வேண்டாம், ஜெஃபர்சன்தான்’ என்று பர் ஒரு வரி எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முதலில் அந்த மாதிரி ஒரு கடிதம் எழுதவும் செய்தார். பிறகு மௌனமானார். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் உட்கார்ந்துகொண்டு, மகள் தியோடோசியாவின் கல்யாணத்தைக் கவனித்துக்கொண்டு, ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தார்.

தீர்ப்பு இப்போது பிரதிநிதிகள் சபையின் கையில். எந்தச் சபை? இங்கேதான் இன்னொரு ஓட்டை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வந்து அமர இன்னும் பல மாதம் இருந்தது. பழைய சபைதான், அதாவது மக்கள் தோற்கடித்த ஃபெடரலிஸ்டுகள் பெரும்பான்மையாக இருந்த சபைதான், எதிர்க்கட்சிக்காரர் இருவரில் யார் அதிபர் என்று சொல்ல வேண்டும். (பதவியிழந்தவர்கள் மாதக்கணக்கில் சட்டம் செய்துகொண்டிருக்கும் இந்த வழக்கத்தை 1933இல் வந்த 20ஆவது திருத்தம்தான் வெட்டிக் குறைத்தது. பதவியேற்பு மார்ச் 4இலிருந்து ஜனவரி 20க்கு வந்ததும் அதனால்தான்.) ஆனால் ஃபெடரலிஸ்டுகளுக்குத் தலைகள் இருந்த அளவுக்கு மாநிலங்கள் இல்லை. மொத்தம் 16 மாநிலங்கள். ஜெயிக்க 9 வேண்டும். ஜெஃபர்சன் பக்கம் 8. பர்ரை ஆதரிக்க ஃபெடரலிஸ்டுகள் முடிவு செய்ததால் அவர் பக்கம் 6. வெர்மான்ட், மேரிலாந்து இரண்டிலும் உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றதால் அவற்றின் வாக்கு யாருக்கும் இல்லை.

வெர்மான்டுக்கு இரண்டே உறுப்பினர்கள். ஒருவர் லூயிஸ் மோரிஸ் என்ற ஃபெடரலிஸ்ட். மற்றவர் நம் மாத்யூ லயன்.

1801 பிப்ரவரி 11, புதன்கிழமை. வாஷிங்டனில் பனி கொட்டியது. அரசு அங்கே குடிபெயர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கேப்பிட்டல் கட்டடத்தில் வடக்குப் பகுதி மட்டுமே எழும்பியிருந்தது. எலக்டர்களின் வாக்குகளைத் திறந்து படிக்க வேண்டியவர் செனட்டின் தலைவரான துணை அதிபர். அதாவது ஜெஃபர்சன். ஜார்ஜியாவிலிருந்து வந்த சான்றிதழ் முறைப்படி இல்லை. அதை அவர் கண்டும் காணாமல் தனக்கும் பர்ருக்கும் எண்ணிக்கொண்டு போனார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகு சபை கதவைச் சாத்திக்கொண்டு வாக்கெடுப்பைத் தொடங்கியது. 8 – 6 – 2. மறுபடி. 8 – 6 – 2. இரவெல்லாம் இதே. விடிவதற்குள் இருபது தடவைக்கு மேல் போட்டுப் பார்த்துவிட்டார்கள். உறுப்பினர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கினார்கள். மேரிலாந்தின் ஜோசப் நிக்கல்சன் கடும் காய்ச்சலோடு பனியில் தூக்கிக்கொண்டுவரப்பட்டு, பக்கத்து அறையில் கட்டிலில் கிடந்தார். மனைவி அருகிலிருந்து மருந்து கொடுக்க, ஒவ்வொரு சுற்றிலும் படுத்தபடியே சீட்டில் ஜெஃபர்சன் பெயரை எழுதினார். அவர் ஒருவர் வராமல் போயிருந்தால் மேரிலாந்து பர்ரின் கைக்குப் போயிருக்கும்.

நாள்கள் ஓடின. மார்ச் 4ஆம் தேதிக்குள் அதிபர் யாரென்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று சாசனத்தில் தெளிவாக எதுவும் இல்லை. இடைக்கால அதிபர் ஒருவரை நியமித்துவிடலாம் என்று ஃபெடரலிஸ்டுகளில் சிலர் பேசினார்கள். அப்படிச் செய்தால் மாநிலப் படையைக் கிளப்புவோம் என்று பென்சில்வேனியா, வர்ஜீனியா பக்கங்களிலிருந்து பேச்சு வந்தது. புரட்சி முடிந்து இருபது வருஷம்கூட ஆகாத நாடு. துப்பாக்கி இல்லாத வீடு அபூர்வம்.

இதற்கிடையே ஹாமில்டன் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஜெஃபர்சனை ஆயுள் முழுதும் எதிர்த்தவர் அவர். ஆனால் பர்ரை நியூயார்க் வழக்கறிஞர் மன்றங்களிலும் அரசியலிலும் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். ஜெஃபர்சனுக்குத் தப்பான கொள்கையாவது இருக்கிறது, பர்ருக்குத் தன்னைத் தவிர ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். கட்சி அவர் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் ஆடம்ஸையே தாக்கிப் பிரசுரம் வெளியிட்டு, சொந்தக் கட்சியின் தோல்விக்கு உதவியவர் அவர். அவர் சொல்லை யார் கேட்பார்கள்?

முடிச்சை அவிழ்த்தவர் ஜேம்ஸ் பேயர்ட். டெலவேர் மாநிலத்தின் ஒரே உறுப்பினர். ஆகையால் அவர் கையில் ஒரு முழு மாநிலத்தின் வாக்கு இருந்தது. சின்ன மாநிலத்துக்காரருக்கு யூனியன் உடைந்தால் போக்கிடம் இல்லை. பர்ரிடமிருந்து உறுதியான பேச்சு எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும் இதை முடித்துவிடுவதென்று தீர்மானித்தார். தேசியக் கடனை மதிப்பது, கடற்படையைக் கலைக்காதிருப்பது, கீழ்நிலை அதிகாரிகளைக் கூண்டோடு நீக்காதிருப்பது ஆகியவை பற்றி மேரிலாந்தின் சாமுவேல் ஸ்மித் மூலம் ஜெஃபர்சனின் உறுதி கிடைத்தது என்று பேயர்ட் பின்னாளில் சொன்னார். அப்படி ஒரு பேரமும் நடக்கவில்லை என்று ஜெஃபர்சன் கடைசிவரை மறுத்தார். பதவிக்கு வந்தபின் ஜெஃபர்சன் நடந்துகொண்டதைப் பார்த்தால், பேயர்ட் முழுப் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 17. முப்பத்தாறாவது சுற்று. லூயிஸ் மோரிஸ் சபைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார். வெர்மான்டின் வாக்கு மாத்யூ லயன் ஒருவர் கைக்கு வந்தது. யாரைச் சிறையில் போட்டார்களோ அவர் கையாலேயே ஜெஃபர்சனுக்கு ஒரு மாநிலம் விழுந்தது. மேரிலாந்தின் ஃபெடரலிஸ்டுகள் வெற்றுச் சீட்டுப் போட, அதுவும் ஜெஃபர்சன் பக்கம் சாய்ந்தது. டெலவேரும் தென் கரோலினாவும் வெற்று வாக்கு. ஜெஃபர்சன் 10, பர் 4. கவனியுங்கள்: பர்ரிடமிருந்து மாறி ஜெஃபர்சன் பெயரை எழுதிய ஃபெடரலிஸ்ட் ஒருவர்கூட இல்லை. ஒதுங்கி நின்று ஜெயிக்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 4 அன்று ஜெஃபர்சன் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே போய்ப் பதவியேற்றார். ஆடம்ஸ் அதைப் பார்க்கவில்லை; அதிகாலை நான்கு மணிக்கே வண்டியேறி ஊரைவிட்டுப் போய்விட்டார். பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் புதுத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஜெஃபர்சனுக்குத் தூரத்து உறவு. ஆனால் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. இங்கே தொடங்குகிறது இரண்டாவது கதை.

தோற்ற பிறகு கையிலிருந்த நாள்களை ஆடம்ஸும் பழைய காங்கிரஸும் வீணாக்கவில்லை. அதிபர் பதவி போயிற்று, இரு சபைகளும் போயின. நீதித்துறை மட்டும் மீதி. அங்கே நியமனம் ஆயுளுக்கும். 36ஆவது சுற்றுக்கு நான்கு நாள் முன்னால், பிப்ரவரி 13இல், ஒரு சட்டம் போட்டு 16 புதிய நீதிபதி இடங்களை உண்டாக்கினார்கள். உச்ச நீதிமன்றத்தில் அடுத்து ஓர் இடம் காலியானால் அதை நிரப்பக் கூடாது, ஆறை ஐந்தாகக் குறைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஜெஃபர்சனுக்கு ஒரு நியமனம்கூடக் கிடைத்துவிடக் கூடாது. மாத இறுதியில் வாஷிங்டன் வட்டாரத்துக்கென்று இன்னொரு சட்டம். அதன்படி 42 ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் பதவிகளுக்கு ஆட்களை ஆடம்ஸ் நியமித்தார். சில்லறை வழக்குகளைப் பார்க்கும் ஐந்து வருஷப் பதவி. செனட் ஒப்புதல் கொடுத்தது மார்ச் 3இல். உத்தரவுகளில் அதிபர் கையெழுத்திட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்ப, அங்கே முத்திரை விழுந்தது. வெளியுறவு அமைச்சர் யார்? அதே ஜான் மார்ஷல். தலைமை நீதிபதியாகப் பதவியேற்ற பிறகும் அமைச்சர் வேலையை அவர் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரையிட்டவர் அவசரத்தில் சில உத்தரவுகளை உரியவரிடம் சேர்க்காமல் விட்டுவிட்டார். மறுநாள் ஜெஃபர்சன் வந்து பார்த்தால் மேஜைமேல் கிடக்கின்றன. கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதவி கைக்கு வராதவர்களில் வில்லியம் மார்பரி என்பவரும் வேறு மூவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். உத்தரவைக் கொடுக்கும்படி புதிய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசனுக்கு மாண்டமஸ் ரிட் பிறப்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை.

ஜெஃபர்சனின் கட்சி இதைச் சவாலாக எடுத்துக்கொண்டது. 1802இல் புதிய காங்கிரஸ் அந்த நீதிபதிச் சட்டத்தையே ரத்து செய்தது. 16 நீதிபதிகள் வீட்டுக்குப் போனார்கள். அதை உச்ச நீதிமன்றம் உடனே விசாரிக்க முடியாதபடி, நீதிமன்றத்தின் அமர்வுகளையும் மாற்றியமைத்துவிட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு வருஷத்துக்கும் மேல் கூடவே முடியவில்லை. இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பளிங்குக் கட்டடத்தைப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்தான்.

1803 பிப்ரவரியில் வழக்கு வந்தது. மார்ஷலின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். ரிட் கொடுத்தால் மேடிசன் அதைத் தூக்கி எறிவார். நீதிமன்றத்தின் உத்தரவை அமல்படுத்த ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. கொடுக்காவிட்டால் ஜெஃபர்சனுக்குப் பயந்துவிட்டார் என்று ஊர் சொல்லும். போதாக்குறைக்கு, உத்தரவு பட்டுவாடா ஆகாமல் போனதே இவருடைய தவறு. இவருடைய சொந்தத் தம்பி ஜேம்ஸ் மார்ஷல் கொடுத்த பிரமாணப் பத்திரம் அந்த வழக்கில் சாட்சியம். இன்றைய வழக்கப்படி பார்த்தால் வழக்கிலிருந்து முதலில் விலகியிருக்க வேண்டியவர் தலைமை நீதிபதிதான். அவர் விலகவில்லை, தீர்ப்பையே எழுதினார்.

பிப்ரவரி 24இல் தீர்ப்பு. மார்பரிக்கு அந்தப் பதவியில் உரிமை உண்டா? உண்டு, கையெழுத்தும் முத்திரையும் விழுந்தபோதே நியமனம் முடிந்துவிட்டது. உரிமை பறிபோனால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு, அமைச்சரானாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. இவ்வளவும் கேட்டு ஜெஃபர்சனின் ஆட்கள் பல்லைக் கடித்திருப்பார்கள். மூன்றாவது கேள்வி: அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம் தர முடியுமா? முடியாது என்றார் மார்ஷல். நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்து மாண்டமஸ் கேட்கலாம் என்று 1789ஆம் வருஷ நீதித்துறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் எந்தெந்த வழக்கு நேராக இங்கே வரலாம் என்று சாசனம் ஏற்கெனவே வரையறுத்துவிட்டது. அதைக் கூட்டக் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை. சாசனத்துக்கு முரணான சட்டம் சட்டமே அல்ல. எது சட்டம் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. எனவே 13ஆவது பிரிவு செல்லாது, மனு தள்ளுபடி.

மேடிசன் ஜெயித்தார், மீறுவதற்கு அவரிடம் உத்தரவு ஏதும் இல்லை. ஒரு சின்ன அதிகாரத்தைத் தனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டு, காங்கிரஸின் சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் பெரிய அதிகாரத்தை மார்ஷல் எடுத்துக்கொண்டார். அந்த அதிகாரத்தைச் சாசனம் எங்கேயும் வெளிப்படையாக எழுதிக் கொடுக்கவில்லை. நம் நாட்டுச் சாசனத்தை எழுதியவர்கள் அந்த இடத்தைச் சந்தேகத்துக்கு விடவில்லை. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று 13ஆவது பிரிவிலும், மாண்டமஸ் உட்பட ரிட் கேட்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று 32ஆவது பிரிவிலும் எழுதிவைத்துவிட்டார்கள். மார்பரி கேட்டுக் கிடைக்காத வழி அது.

மார்ஷலின் துணிச்சலை ரொம்பவும் ஏற்றிச் சொல்வது வழக்கம். ஆறே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. 1802இல் நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பிய சட்டம் செல்லும் என்று. உண்மையான மோதல் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. அதில் நீதிமன்றம் பணிந்துபோயிற்று. காங்கிரஸின் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் மறுபடி செல்லாது என்று சொல்ல 54 வருஷம் ஆயிற்று. அந்த இரண்டாம் தடவை, 1857இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில். அது என்ன லட்சணம் என்பதை அந்தக் காலத்துக்கு வரும்போது பார்ப்போம்.

ஓட்டையை அடைக்கும் வேலையும் இதே சமயத்தில் நடந்தது. அதிபருக்கு ஒரு சீட்டு, துணை அதிபருக்கு ஒரு சீட்டு என்று பிரித்த 12ஆவது திருத்தம் 1803 டிசம்பரில் காங்கிரஸில் நிறைவேறி, 1804 ஜூனில் அமலுக்கு வந்தது. ஃபெடரலிஸ்டுகள் எதிர்த்தார்கள். அடுத்த தேர்தலில் குழப்பம் வந்தால் அதில் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. அந்த வாய்ப்பையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்ற அவசரம் ரிபப்ளிகன்களுக்கு. எலக்டர்களை ஒழிக்கலாம், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதை நீக்கலாம் என்றெல்லாம் யாரும் பெரிதாக முயலவில்லை. உடைந்த இடத்தை மட்டும் ஒட்டினார்கள். இன்றைக்கும் 538 எலக்டர்களில் 270 யாருக்கும் கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்றுதான் அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று.

அடுத்த தாக்குதல் நீதிபதிகள் மேல். மேடையேறிக் கட்சிப் பேச்சுப் பேசுவது போல ஜூரிகளிடம் பேசிய உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் மீது பிரதிநிதிகள் சபை 1804இல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேற்றியது. செனட்டில் 34 பேர். அதில் 25 பேர் ரிபப்ளிகன்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு 23 போதும். சேஸை விழுத்தினால் அடுத்து மார்ஷல் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த விசாரணைக்குத் தலைமை வகித்தவர் துணை அதிபர் ஆரன் பர். 1804 ஜூலை 11இல் நியூ ஜெர்சியின் வீஹாக்கனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றவர் அவர். இரண்டு மாநிலங்களில் அவர்மேல் வழக்கு இருந்தது. நீதிபதிக்கு முன்னால் கொலைகாரன் நிற்பதுதான் வழக்கம், இங்கே கொலைகாரனுக்கு முன்னால் நீதிபதி நிற்கிறார் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் பர் விசாரணையை நடத்திய நேர்த்தியில் அவருடைய எதிரிகளுக்கும் குறை சொல்ல இடமில்லை. 1805 மார்ச் 1இல் வாக்கெடுப்பு. எட்டுக் குற்றச்சாட்டுகளில் எதற்கும் 19 வாக்குக்கு மேல் விழவில்லை. ஜெஃபர்சனின் கட்சிக்காரர்களிலேயே சிலர், ஒரு நீதிபதி நமக்குப் பிடிக்காதவர் என்பதற்காகப் பதவி நீக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். இதுவரை எந்த உச்ச நீதிமன்ற நீதிபதியும் அந்த முறையில் பதவி இழந்ததில்லை.

பர்ருக்குப் பதவி அத்தோடு முடிந்தது. 1804 தேர்தலில் ஜெஃபர்சன் 162க்கு 14 என்ற கணக்கில் ஜெயித்தார். புதிய விதிப்படி தனிச்சீட்டில் துணை அதிபரானவர் ஜார்ஜ் கிளின்டன், நான்கு வருஷத்துக்கு முன் பர் கெஞ்சிக் கூத்தாடித் தேர்தலில் நிறுத்திய அதே முதியவர். நியூயார்க்குக்குத் திரும்பினால் கைது என்ற நிலையில் பர் மேற்கே, மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் புறப்பட்டார். அங்கே அவர் போட்ட திட்டம் என்ன என்பதில் இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. 1807இல் ரிச்மண்டில் தேசத்துரோக வழக்கில் கைதியாக நின்றார். தண்டித்தே தீர வேண்டும் என்று நின்றவர் அதிபர் ஜெஃபர்சன். நீதிபதி நாற்காலியில் ஜான் மார்ஷல்.

(தொடரும்)